இருட்டறையில் ஒரு பச்சைக் கோடு

"என் பைக்கை 3000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை சர்வீஸ் விடுகிறேன். விமான எஞ்சினை எத்தனை கிலோமீட்டருக்கு விடுவார்கள்?" என்று கோவில்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அங்கே கிலோமீட்டர் கணக்கு செல்லாது. ஓடிய மணிக்கணக்கு உண்டு. அதைவிட முக்கியம், எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போனாலும் ஒன்று, லண்டனுக்குப் போனாலும் ஒன்று. விமானம் மேலே ஏறும்போது, பிளேடுகளைத் தாங்கும் டிஸ்க் முழு வேகத்தில் சுழன்று வெளிப்பக்கமாக இழுபடும். எஞ்சின் நின்றதும் தளரும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக மடக்கி ஒடிப்போமே, அதே வேலைதான், மிக மெதுவாக நடக்கிறது. அதனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'இத்தனை தடவை' என்று ஆயுளை எழுதிவைத்துவிடுவார்கள். அது முடிந்தால், பளபளவென்று இருந்தாலும் கழற்றிப் போடவேண்டியதுதான்.

ஆயுள் முடிவதற்கு முன்பே விரிசல் விட்டால்? கண்ணுக்குத் தெரியாத விரிசலை எப்படிப் பிடிப்பது? எனக்குப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது.

திருக்கார்த்திகைக்கு மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தால் எந்த அகல் உள்ளுக்குள் விண்டது என்று தெரிந்துவிடும். கையில் வைத்து உருட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ராத்திரி முழுக்க எண்ணெய் அந்த மயிரிழைக்குள் புகுந்து, கீழே இருக்கும் கோலமாவில் பழுப்பாக ஒரு கோடு இழுத்திருக்கும். அம்மா அந்த அகலைத் தனியே எடுத்துத் துளசி மாடத்துக்குப் பின்னால் போட்டுவிடுவாள்.

விமான எஞ்சின் பட்டறையில் செய்வதும் இதையேதான். கழற்றிய டிஸ்க்கை முதலில் பிசுக்கு, கரி ஒன்றும் இல்லாமல் கழுவுகிறார்கள். விரிசலின் வாயில் அழுக்கு அடைத்திருந்தால் எல்லாம் வீண். பிறகு, ஒளிரும் சாயம் கலந்த மெல்லிய எண்ணெயைப் பூசிக் காத்திருக்கிறார்கள். எந்த நுண்ணிய பிளவிலும் அது தானாகப் புகுந்துகொள்ளும். அப்புறம் மேற்பரப்பைக் கழுவவேண்டும். கைப்பக்குவம் இதில்தான்: கொஞ்சம் அதிகமாகக் கழுவினால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் போய்விடும், குறைவாகக் கழுவினால் டிஸ்க் முழுக்க மின்னும். கடைசியில் வெள்ளைப் பொடி. நம் கோலமாவு மாதிரி அது உள்ளே இருப்பதை உறிஞ்சி வெளியே இழுக்கும். இருட்டறையில் புறஊதா விளக்கைப் பிடித்தால் விரிசல் மஞ்சள் கலந்த பச்சையில் கோடாக எரியும்.

பார்ப்பவர் இருட்டுக்குக் கண் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். வெயிலில் கறுக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது. நம்மூர் வெல்டிங் பட்டறைகளில் 'டி.பி. டெஸ்ட்' என்று சொல்வது இதன் சிவப்புச் சாயத் தம்பி. மூதாதை இன்னும் பழையது: நீராவி ரயில் காலத்துப் பட்டறைகளில் அச்சை எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சுண்ணப்பொடி பூசிச் சுத்தியலால் தட்டுவார்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுக்கும்.

சாயம் தன் வேலையைச் செய்துவிடும். பார்க்கிற மனிதர்தான் பிரச்சினை. ஆயிரம் டிஸ்க் பார்த்து ஒன்றுமே அகப்படாதவர் ஆயிரத்தோராவதை எப்படிப் பார்ப்பார்? எங்கள் குடியிருப்பு லிஃப்டின் பராமரிப்பு அட்டையைப் போன மாதம் எதேச்சையாகப் பார்த்தேன். மூன்று மாதத்து டிக் அடையாளங்கள், ஒரே பேனா, ஒரே சாய்வு. அவற்றில் ஒரு மாதம் இன்னும் பிறக்கவே இல்லை! சொன்னதற்கு, "லிஃப்ட் நல்லாத்தானே சார் ஓடுது" என்றார்கள். நல்லா ஓடும்போது பார்ப்பதற்குப் பெயர்தானே பராமரிப்பு? அந்த வேலைக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தையும் மரியாதையையும் பார்த்தால், அவர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்த யுனைடெட் 232, ஒரு டி.சி.-10 விமானம். அதன் வால் எஞ்சினில் முன்பக்க டிஸ்க் நடுவானில் வெடித்தது. சிதறிய துண்டுகள், விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் முடமாக்கின. மிச்சமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானிகள் அதை சூ சிட்டி ஓடுதளம்வரை கொண்டுவந்தார்கள். இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

அந்த டிஸ்க்கின் ஆயுள் 18,000 தடவை. வெடித்தது 15,503-ல். மூன்று மாதம் கழித்து அயோவாவின் மக்காச்சோளக் காட்டில், அறுவடையின்போதுதான் அது கிடைத்தது. டைட்டானியத்தை உருக்கி வார்த்த காலத்திலேயே உள்ளே இருந்த ஒரு குறையிலிருந்து விரிசல் வளர்ந்திருந்தது. 760 பயணங்களுக்கு முன் அந்த டிஸ்க் இதே சாயப் பரிசோதனைக்கு வந்திருக்கிறது. அப்போதே விரிசல் அரை அங்குல நீளம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அதற்குள்ளே பழைய பரிசோதனை எண்ணெயின் தடயமும் இருந்தது.

அதாவது சாயம் உள்ளே போயிருக்கிறது.

எப்படித் தவறியது? விசாரணையாளர்கள் சொன்ன சாத்தியங்களில் ஒன்று இது: பரிசோதனையின்போது டிஸ்க்கை அதன் நடுத்துளை வழியாக ஒரு கம்பிவடம் கோத்துத் தொங்கவிடுவார்கள். விரிசல் இருந்ததும் அதே துளையின் உள்சுவரில். கம்பிவடம் மறைக்கும் இடத்தைப் பார்க்க டிஸ்க்கைக் கையால் சுழற்றவேண்டும்.