சத்தமில்லாமல் வந்த சீனத்து பஸ்!



பரீட்சை என்றாலே உங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். சின்ன வயதில் எனக்கும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, பரீட்சை வைக்கிற வேலைக்கே போய்விட்டேன்! இன்றைக்கு நான் சொல்லப்போவது, பரீட்சை எழுதிய ஒரு பஸ்ஸின் கதை. பஸ் பிறந்தது சீனாவில். பரீட்சை நடந்தது பெங்களூரில், 2014ம் ஆண்டு. மூன்று மாதம் நடந்த அந்தப் பரீட்சையில் ஒரு நாள், நானும் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர் மணலூர்பேட்டை, தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கிறது. தை மாதம் ஐந்தாம் நாள், திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கேதான் வருவார். இந்த ஆறு எங்கே பிறக்கிறது தெரியுமா? பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைப் பக்கம். அங்கிருந்து ஒசகோட்டை வழியாகப் பெங்களூரின் கிழக்கு ஓரத்தில் இறங்கி, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணை என்று வந்து எங்கள் ஊரைத் தொடுகிறது. ஆறு இப்படி வருகிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எதிர்த் திசையில் போகிறார்கள், வேலை தேடி! கட்டட வேலையோ, கம்ப்யூட்டர் வேலையோ, பெங்களூருதான். என் மூத்த மகளும் அப்படிப் போனவள்தான். காடுகோடி என்ற இடத்தில் குடியிருந்தாள்.

அந்த வருடம் கோடை விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் பேரனைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றிவிட்டு, வீடு திரும்ப மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்கு வந்தேன். காடுகோடி போகும் பஸ் ஒன்று நின்றது. ஏறி உட்கார்ந்தோம். குளுகுளு ஏ.சி., பெரிய கண்ணாடி ஜன்னல். கொஞ்ச நேரத்தில் பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, டிரைவர் மாமா வண்டியை ஸ்டார்ட் பண்ண மறந்துட்டார்!"

நான் வெளியே பார்த்தேன். பஸ் நிலையத்தைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டோம்!

உறுமல் இல்லை. நடுக்கம் இல்லை. கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் மெஷின் 'கிர்ர்' என்று சீட்டு துப்புகிற சத்தம் கடைசி சீட் வரை கேட்டது. முன்னால் யாரோ வீட்டுக்கு போன் செய்து, "சாம்பாருக்கு முருங்கைக்காய் வாங்கவா?" என்று கேட்டது பஸ் முழுக்கக் கேட்டது! அதுவரை எத்தனையோ ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ்ஸுக்குள் மனிதர்கள் இவ்வளவு பேசுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சீனாவில் ஷென்சென் என்று ஒரு பெரிய நகரம். அங்கே இருக்கும் பி.ஒய்.டி. என்ற கம்பெனி தயாரித்த பஸ் அது. பேட்டரி செய்து செய்து கை தேர்ந்த பிறகு வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி. பஸ்ஸின் பெயர் கே-9. நீளம் 12 மீட்டர். டீசல் டாங்க் கிடையாது, என்ஜின் கிடையாது, புகைக்குழாயும் கிடையாது! பெரிய பேட்டரியும், பின் சக்கரங்களோடு சேர்ந்த மோட்டார்களும்தான். இரவில் ஐந்தாறு மணி நேரம் சார்ஜ் ஏற்றினால், மறுநாள் 250 கிலோமீட்டர் வரை ஓடும் என்று கம்பெனி சொன்னது.

பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம் இந்த ஒரே ஒரு பஸ்ஸை வரவழைத்து, 2014 பிப்ரவரி கடைசியிலிருந்து மெஜஸ்டிக்குக்கும் காடுகோடிக்கும் இடையே ஓட்டிப் பார்த்தது.

"மின்சார பஸ் நம் நாட்டுக்கு அதுதான் முதல் தடவையா, சார்?" என்று நீங்கள் கேட்கலாம். பேட்டரியில் ஓடும் பெரிய டவுன் பஸ் என்றால், ஆமாம். ஆனால், மின்சாரத்தில் ஓடும் பஸ் என்றால், உங்கள் தாத்தா காலத்திலேயே இருந்தது. மும்பையில் 1962ம் ஆண்டு ஜூன் முதல் 1971ம் ஆண்டு மார்ச் வரை, கோவாலியா டேங்க் என்ற இடத்திலிருந்து மஸ்காவ் டாக் வரை டிராலி பஸ் ஓடியது. கொழும்பிலும் 1953 முதல் 1964 வரை ஓடியது. ரயிலுக்கு மேலே கம்பி போவதுபோல, ரோட்டுக்கு மேலே இரண்டு கம்பி. பஸ்ஸின் தலையில் இரண்டு நீளக் கொம்பு. கம்பியை விட்டு விலகினால் அவ்வளவுதான், வண்டி நின்றுவிடும்! கம்பி இல்லாத தெருவுக்குப் போக முடியாது. பேட்டரி பஸ்ஸுக்கு அந்தக் கட்டு இல்லை. அதற்குப் பதில் வேறு ஒரு கட்டு: ராத்திரி சாப்பிட்ட சாப்பாட்டில் மறுநாள் முழுக்க ஓட வேண்டும்.

சீனாவில் நன்றாக ஓடும் பஸ்ஸுக்கு இங்கே எதற்குப் பரீட்சை? ஊர் மாறினால் கேள்வித்தாளும் மாறும் குழந்தைகளே! தாழ்வான தளம் கொண்ட பஸ் அது. பாட்டிமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகாமல், வாசற்படி ஏறுவதுபோல ஏறினார்கள். ஆனால், தளம் தாழ்ந்தால் நம் ஊர் வேகத்தடையில் அடி இடிக்குமே? வெயிலில் ஏ.சி.யும் ஓடவேண்டும், கூட்டத்தையும் சுமக்க வேண்டும். அப்போதும் 250 கிலோமீட்டர் வருமா? மழைத் தண்ணீர் தேங்கினால்? கேள்விகள் இப்படி வந்துகொண்டே இருக்கும்.

பெங்களூரு டிராபிக் எப்படி இருக்கும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலடி நகரும், நிற்கும். மறுபடி நாலடி. டீசல் பஸ் சும்மா நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதால் டீசலைக் குடிக்கும். மின்சார பஸ்ஸில் நிற்கும்போது மோட்டார் சுற்றாது. ஏ.சி., விளக்கு இவற்றுக்கு மட்டும்தான் மின்சாரம் செலவாகும்.

இதைவிட வேடிக்கை, பிரேக் பிடிக்கும்போது நடப்பது! அந்தக் காலத்து சைக்கிளில் டைனமோ என்று ஒன்று இருக்கும். டயரில் உரசவிட்டால் சக்கரம் சுற்றி விளக்கு எரியும். ஆனால், மிதிப்பது கனத்துவிடும். இந்த பஸ்ஸில் பிரேக்கை மிதித்தால், சக்கரத்தைச் சுற்றிய அதே மோட்டார் டைனமோவாக மாறிவிடும். வண்டியின் வேகம் குறையும். மின்சாரம் உண்டாகிப் பேட்டரிக்கே திரும்பிப் போகும். சாதாரண பஸ்ஸில் அந்தச் சக்தியெல்லாம் பிரேக் கட்டையைச் சூடாக்கிவிட்டு வீணாகப் போகிறது. ஆகவே, நின்று நின்று போகிற டவுன் பஸ்ஸுக்கு மின்சாரம் ரொம்பப் பொருத்தம்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்!

அந்த பஸ்ஸின் பேட்டரியில் 324 யூனிட் மின்சாரம் பிடிக்கும். யூனிட் என்றால் உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். 324 யூனிட்டில் 250 கிலோமீட்டர் என்றால், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு? ஏறத்தாழ 1.3 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். அதே ரோட்டில் வால்வோ ஏ.சி. பஸ்களும் ஓடின. வால்வோ ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி. எங்கள் தென்பெண்ணை ஓடும் ஒசகோட்டையில்தான் அதன் இந்தியத் தொழிற்சாலை. அந்த டீசல் பஸ் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான் கொடுக்கும். அப்போது டீசல் லிட்டர் சுமார் 60 ரூபாய். அப்படியானால் கிலோமீட்டருக்கு 30 ரூபாய்!

முப்பது எங்கே, எட்டு எங்கே! கிலோமீட்டருக்கு 22 ரூபாய் மிச்சம். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 4,400 ரூபாய். வருடத்துக்கு 16 லட்சம் ரூபாய்.

சரி, புகை? "மின்சாரத்தை நெய்வேலியிலும் ராய்ச்சூரிலும் கரியை எரித்துத்தானே எடுக்கிறார்கள்? புகை இங்கே வராமல் அங்கே வருகிறது, அவ்வளவுதானே?" என்று கேட்கிற பிள்ளைக்கு என் கையால் இரண்டு மார்க் கூடுதல்! அதையும் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கரியமில வாயு வரும். 200 கிலோமீட்டருக்கு 100 லிட்டர். ஆக 268 கிலோ. அந்தக் காலகட்டத்தில் நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, சராசரியாக 0.8 கிலோ கரியமில வாயு வெளியானது. 200 கிலோமீட்டருக்கு 260 யூனிட். ஆக 208 கிலோ. ஒரு நாளைக்கு 60 கிலோ குறைகிறது. பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள், இந்த பஸ்ஸை டீசல் பஸ்ஸோடு ஒப்பிட்டு 2016ம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பஸ்ஸை மாற்றினால் வருடத்துக்கு 25 டன் கரியமில வாயு குறையும் என்பது அவர்கள் கணக்கு. நம் கணக்கும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது, பெருக்கிப் பாருங்கள்!

இது வானத்துக்குப் போகும் வாயு. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் மூக்கில் ஏறுகிற கரும்புகை தனி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையின் மூக்கும், பஸ்ஸின் புகைக்குழாயும் எவ்வளவு உயர வித்தியாசத்தில் இருக்கின்றன என்று அடுத்த தடவை கவனியுங்கள். இந்த பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனபோது, வழக்கம்போல என் கை தானாகப் பேரன் மூக்கைப் பொத்தப் போனது. பொத்த அங்கே ஒன்றுமில்லை.

பஸ் பரீட்சையில் பாஸாகிவிட்டது அல்லவா? பின்பு என்ன ஆனது?

மூன்று மாதம் முடிந்தது. பஸ் போய்விட்டது. பெங்களூரு அதை வாங்கவில்லை.

காரணம் விலை. அப்போது அந்த பஸ்ஸின் விலை இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல். டீசல் வால்வோ ஒரு கோடிக்குள் கிடைத்தது. வித்தியாசம் குறைந்தது ஒன்றரைக் கோடி. வருடத்துக்கு 16 லட்சம் மிச்சம் பிடித்தால், ஒன்றரைக் கோடி திரும்பி வர எத்தனை வருடம்? ஒன்பது வருடத்துக்கும் மேல்! அதற்குள் பேட்டரி கிழமாகிவிடும். பஸ்ஸுக்கும் வயதாகிவிடும்.

எனக்கு என்னிடம் படித்த ஒரு மாணவி ஞாபகத்துக்கு வருகிறாள். கல்வராயன் மலையிலிருந்து வந்து, உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பெண். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு, "வரேங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாஸாவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பது எனக்கு அன்றே தெரியும். ஆனாலும், அந்த பஸ் போன செய்தியைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது.

கழகத்தைக் குறை சொல்வதற்கில்லை. மக்கள் பணம், யோசித்துத்தான் செலவழிக்க வேண்டும். பத்து பஸ்ஸாவது வாங்கிப் பழகியிருக்கலாமே என்பது என் எண்ணம். டெண்டர், ரத்து, மறுபடி டெண்டர் என்று ஏழு வருடம் போய்விட்டது. 2021 கடைசியில்தான் பெங்களூரு ரோட்டில் மறுபடி மின்சார டவுன் பஸ்கள் வந்தன. அதற்குள் வேறு ஊர்கள் முந்திக்கொண்டன. இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்கு 2017ல் மின்சார பஸ் ஏறியது. அதைச் செய்து கொடுத்தது ஐதராபாத் கம்பெனி. தொழில்நுட்பம் அதே பி.ஒய்.டி.யுடையது! ஷென்சென் நகரமோ 2017ம் ஆண்டு முடிவதற்குள் தன் பஸ்கள் எல்லாவற்றையும், பதினாறாயிரத்துக்கும் மேலே, மின்சார பஸ்ஸாக மாற்றிவிட்டது.

விலைப் பிரச்னை எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். 2014க்கும் 2024க்கும் இடையில் பேட்டரி விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. மத்திய அரசும் 2015லிருந்து மானியம் கொடுத்தது. அப்புறம் இன்னொரு யோசனை: பஸ்ஸை விலைக்கு வாங்காதே! கம்பெனியே பஸ்ஸை வைத்துக்கொண்டு ஓட்டட்டும். ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கொடுத்துவிடும். அறுவடைக்கு மிஷினை வாங்காமல், மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கூப்பிடுகிறோமே, அதுபோல!

நம் சென்னையிலும் பரீட்சை நடந்தது. 2019 ஆகஸ்ட்டில், சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் இடையே, அசோக் லேலண்டின் மின்சார பஸ் ஓடிப் பார்த்தது. 2025 ஜூன் 30ம் தேதி, வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஒரேயடியாகப் புறப்பட்டன. நானும் சென்னைக்குப் போனபோது ஏறினேன். இப்போது கல்லூரியில் படிக்கும் பேரன் பக்கத்தில் நின்றான். "தாத்தா, டிரைவர் ஸ்டார்ட் பண்ணிட்டாரா?" என்று கேட்டேன்போல நானே கேலி செய்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்ன தாத்தா?" என்றான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 200 கிலோமீட்டர். அந்தச் சீனத்து பஸ் பேட்டரியை முழுசாக நிரப்பிக்கொண்டு திருவண்ணாமலையில் புறப்படுகிறது. கிலோமீட்டருக்கு 1.3 யூனிட். வழியில் எங்கும் சார்ஜ் ஏற்றக்கூடாது. பெங்களூரு போய்ச் சேருமா? உடனே திரும்பினால் எங்கே நிற்கும்? கீழே பார்க்காமல் போடுங்கள்!

விடை: போய்ச் சேரும். 260 யூனிட் செலவு. கையிருப்பு 64 யூனிட். திரும்பும்போது அது 49 கிலோமீட்டருக்குத்தான் வரும். ஓசூரைத் தாண்டியதும் நின்றுவிடும்.