வாடகை இல்லை... சாவி உண்டு! ராயபுரத்தில் ‘ஹவுஸ் சிட்டிங்’ எப்படி இருக்கும்?

மகளின் பிரசவத்துக்காக ஆறு மாதம் அமெரிக்கா கிளம்புகிறார்கள் அப்பாவும் அம்மாவும். ராயபுரத்தில் சொந்த வீடு. பூட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை, வாடகைக்கு விடவும் விருப்பமில்லை. வேளச்சேரியில் பேச்சுலர் ரூமில் இருக்கும் அண்ணன் மகனுக்கு போன் போகிறது: “நாங்க வர்ற வரைக்கும் வீட்டைப் பாத்துக்கடா.”

சென்னையில் பல குடும்பங்களுக்குப் பழக்கமான காட்சி இது. வெளிநாடுகளில் இதற்குப் பெயர் ‘ஹவுஸ் சிட்டிங்’. 2010-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்’ போன்ற தளங்களில் ஆண்டுச் சந்தா கட்டினால், மெக்சிகோவிலோ ஸ்பெயினிலோ யாரோ ஒருவரின் வீட்டில் வாடகையின்றித் தங்கலாம். பதிலுக்கு அவர்களின் நாய், பூனை, செடிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம்ம ஊரில் அந்த ஆப் செய்யும் வேலையை உறவும் நட்பும் செய்கின்றன.

‘அப்புறம் காலி பண்ணலைன்னா?’

வீட்டை ஒப்படைப்பவருக்கு வரும் முதல் பயம் இதுதான். கோவாவில் சகோதரியின் வீட்டில் தங்கிய சகோதரர் அந்த வீட்டில் உரிமை கோரிய வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-ல் வந்த தீர்ப்பு தெளிவானது: வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்க வைக்கப்பட்டவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சொத்தில் உரிமை பெற முடியாது. உரிமையாளர் கேட்டதும் காலி செய்ய வேண்டும்.

ஆனாலும் அதற்காக கோர்ட் படி ஏறுவது யாருக்கும் நல்லதல்ல. எனவே சொந்தக்காரர்களாகவே இருந்தாலும் ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாடகை இல்லை, கரண்ட் பில் யார் கட்டுவது, சாவி யாரிடம் திரும்பும் என்ற விவரங்கள் போதும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒரு காப்பி.

மாதாமாதம் வாடகை வாங்கினால் கதை வேறு. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

வீடு கேட்கும் வேலைகள்

வாடகை இல்லை என்பதற்காக வேலை இல்லை என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மெட்ரோ வாட்டர் அடிபம்பில்தான் வரும். தண்ணீர் விடும் நேரத்தைத் தவறவிட்டால் அன்று குடம் காலி. கடல் பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காத்து கேட், ஜன்னல் கம்பி, கீல் எதையும் விட்டுவைக்காது. அவ்வப்போது எண்ணெய் போடாவிட்டால் துரு ஏறிவிடும். ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் ரீடிங்கைக் கவனிக்க வேண்டும். வாசலில் நிற்கும் பைக்கை இடையிடையே ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது.

தண்ணி பிடிச்சாச்சு, எங்கே போகலாம்?

காலையில் காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியும் முன்பே ஏலம் களைகட்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வரத்து குறைந்து விலை ஏறும்.

அடுத்து ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. உயரமான தூண்களோடு அந்தப் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது.

கொஞ்ச தூரத்தில் புனித பேதுரு ஆலயம். பேதுருவுக்குத் தமிழில் ராயப்பர் என்று பெயர். ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். அதே ராயபுரத்தில் 1910-ல் கட்டப்பட்ட பார்சி அக்னி கோயிலும் இருக்கிறது. பார்சிகள் தவிர மற்றவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை என்பதால் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

லீவு நாளில் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில். கடற்கரைப் பக்கம் போனால் பட்டினத்தார் சமாதி. மாலையில் பசித்தால் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா அத்தோ கடைகள். வாழைத்தண்டு சூப்போடு சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம்.

உண்மையான காவல் யார்?

‘வட சென்னையா... ஜாக்கிரதை’ என்று சொல்லி அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் தெருவில், புதுசாக ஒரு ஆள் சாவி போட்டுத் திறந்தால் முதலில் கேள்வி வருவது எதிர்வீட்டிலிருந்துதான்: “யாருப்பா நீ? அவங்களுக்கு என்ன வேணும்?”

அதனால், ஊருக்குக் கிளம்பும் முன் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதோடு, வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டிய இன்னொரு வேலை உண்டு. தங்கப்போகும் பிள்ளையை அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்கு அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைப்பது. நாளைக்கு அடிபம்பில் தண்ணீர் வரும்போது கதவைத் தட்டி எழுப்பப்போவது அவர்கள்தான்.