பந்தயக் காரும் பிள்ளை மனமும்

பெங்களூர் ஜே.சி. சாலையில் உள்ள மோட்டார் உதிரிப் பாகக் கடைகளை நம்மவர் பலரும் அறிவர். அச்சாலையில் தந்தையின் கையைப் பற்றி நடக்கும் ஒரு சிறுவனை மனக்கண்முன் நிறுத்திக் கொள்வோம். தரையை ஒட்டித் தாழ்ந்த செந்நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உறுமிக் கொண்டு கடந்து செல்கிறது. சிறுவன் நின்றுவிடுகிறான். "அப்பா, அந்த வண்டி ஏன் இவ்வளவு குள்ளமாக இருக்கிறது?" என்று வினவுகிறான்.

வாழ்நாள் முழுதும் நீடிக்கும் ஆர்வங்கள் பல இத்தகைய ஒரு நொடியிலேதான் தோன்றுகின்றன. ஆனால் தோன்றிய ஆர்வம் நிலைப்பதும், நல்வழிப்படுவதும் அருகில் நிற்கும் பெரியவரைப் பொறுத்தவை. "பணக்காரர் வண்டி நமக்கு எதற்கு?" என்று கையைப் பிடித்து இழுத்துச் செல்லலாம், நின்று மறுமொழி கூறவும் செய்யலாம்.

மறுமொழி கடினமானதன்று. வைக்கோலை உயர ஏற்றிய மாட்டு வண்டி திருப்பத்தில் சாய்ந்தாடுவதை நாம் கிராமங்களில் கண்டிருக்கிறோம். பாரம் உயர்ந்தால் வண்டி கவிழப் பார்க்கும். தாழ்ந்தால் தரையில் ஊன்றி நிற்கும். அதனாலேயே விரைந்து திரும்ப வேண்டிய காரைத் தாழ்வாக அமைக்கின்றனர். பந்தயக் கார்களில் எடைமிக்க யந்திரம், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே, வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில் அமைவதும் இது போன்ற காரணத்தாலேயே. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்தவர் எளிதில் திரும்பலாம். கையை நீட்டிப் பிடித்தவர் திரும்புதல் அரிது. இவ்வளவு சொன்னால் போதும். சிறுவனின் வியப்பு அறிவாக மாறத் தொடங்கிவிடும்.

பெங்களூர்த் தமிழர்க்கு அயலூர் அல்லாத கோயம்புத்தூரில் இதற்குச் சான்றுகள் உண்டு. 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அதனைத் தாமும் பெற வேண்டும் என்னும் வேட்கை பிறந்தது. கையிற் பொருள் இல்லை. உணவு விடுதியில் பணிபுரிந்து பணம் சேர்த்து, அவ்வண்டியையே வாங்கினார். ஓட்டி மகிழ்ந்ததோடு நில்லாமல், அதனைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். அன்று கற்ற யந்திர அறிவே, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டவும், பின்னர்ப் பல புதுமைகளைப் படைக்கவும் அவருக்குத் துணை நின்றது.

அதே நகரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், நம் நாட்டு மாருதி காரின் யந்திரத்தைக் கொண்டே ஒருவர் அமரும் பந்தயக் காரை வடிவமைத்தார். 'பார்முலா மாருதி' எனப்பட்ட அவ்வகை வண்டியிலேதான் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் தம் முதற் பந்தயத்தை ஓட்டினார். நரேனின் தந்தையார் ராலி எனப்படும் நெடுவழிப் பந்தயங்களில் தேசிய வெற்றி வீரர். இல்லத்திலேயே பந்தயப் பேச்சைக் கேட்டு வளர்ந்த அப்பிள்ளை, 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் வாழும் பெங்களூருக்கே வருவோம். இந்நகரின் மைனி குடும்பத்தில் ஒரே ஆர்வம் இருவேறு வடிவங்கள் கொண்டதைக் காண்கிறோம். சேத்தன் மைனி, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1990-இல் சூரிய ஒளியால் ஓடும் கார்களின் பந்தயத்தில் வென்ற மாணவர் குழுவில் இருந்தார். தாயகம் திரும்பி, 'ரேவா' என்னும் சிறிய மின்சாரக் காரை 2001-இல் பெங்களூரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். அது லண்டன் வீதிகளிலும் ஓடியது. அவர்தம் சகோதரர் கௌதம் மைனி பந்தயம் ஓட்டியவர். கௌதமின் மக்கள் அர்ஜுன், குஷ் இருவரும் இளமையிலேயே 'கார்ட்' எனப்படும் சிறு பந்தய வண்டியிற் பயின்று, ஐரோப்பியத் தடங்களை அடைந்தனர். 2025 மே மாதத்தில் மொனாக்கோ நகரில் நடந்த பார்முலா 2 குறும்பந்தயத்தில் குஷ் மைனி முதலிடம் பெற்றார்.

இவர்களெல்லாம் வசதி படைத்தவர் அல்லரோ என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே, மோட்டார்ப் பந்தயம் பெருஞ்செலவு பிடிப்பது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஜெர்மனி நாட்டு மைக்கேல் ஷூமாக்கரின் தந்தை செங்கல் அடுக்கும் கொத்தனார். நான்கு வயது மகன் மிதித்து ஓட்டிய கார்ட் வண்டியில் சிறு மோட்டார் சைக்கிள் யந்திரத்தை அவர் பொருத்திக் கொடுத்தார். பிள்ளை அதனை ஓட்டிச் சென்று தெருவிளக்குக் கம்பத்தில் மோதினான். பெற்றோர் வண்டியைப் பறித்துப் பூட்டி வைக்கவில்லை. தெருவில் ஓட்டும்படி விட்டுவிடவும் இல்லை. கார்ட் பந்தயத் தடத்திற்கு அழைத்துச் சென்றனர். பிறர் கழித்த உறுப்புகளைக் கொண்டு தந்தையே புது வண்டி அமைத்துத் தந்தார். அப்பிள்ளை பிற்காலத்தில் 7 முறை உலக வெற்றி வீரரானார்.

தெருவினின்று தடத்திற்கு அழைத்துச் சென்ற அச்செயலை நாம் ஊன்றி எண்ண வேண்டும். வேகத்தில் வேட்கை கொண்ட பிள்ளைக்கு உரிய இடம் காட்டப்படாவிடின், அவன் வெளிவட்டச் சாலையைத் தானே தேடிக் கொள்வான். அங்கே எதிர்வரும் லாரியும், சாலையைக் கடக்கும் முதியவரும் பந்தயத்திற்கு உடன்பட்டவர் அல்லர். பாசத்தால் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் சட்டத்தையும் அறிதல் நன்று. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளர்க்கோ 3 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அச்சிறுவர் 25 வயது நிரம்பும் வரை ஓட்டுநர் உரிமம் பெறவும் இயலாது.

நல்வழிகள் இல்லாமற் போகவில்லை. பெங்களூரின் புறநகரில் கார்ட் தடம் உண்டு. பந்தயம் ஓட்ட வசதியில்லாதவர்க்குப் பொறியியற் கல்வி வேறொரு வாயிலைத் திறக்கிறது. இந்நகரின் ஆர்.வி. பொறியியற் கல்லூரி மாணவர்கள் 'அஸ்வ ரேசிங்' என்னும் குழுவாக இணைந்து, தாமே பந்தயக் கார்களை வடிவமைத்துப் போட்டிகளுக்குக் கொண்டு செல்கின்றனர். காரின் மீது கொண்ட காதல், அதனை ஓட்டுவதில்தான் நிறைவேற வேண்டும் என்பதில்லை; ஆக்குவதிலும் நிறைவேறும்.

பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம்மவருள் மெக்கானிக்குகளும், லேத் பட்டறைத் தொழிலாளரும், ஓட்டுநரும் பலர். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கித் தர அவர்களால் இயலாதிருக்கலாம். ஆனால் ஒரு கியர்ப் பெட்டி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பட்டறையிலேயே திறந்து காட்ட அவர்களால் இயலும். ஞாயிறு தோறும் ஒரு மணி நேரம் அதற்கென ஒதுக்கினாலும் போதும். பிள்ளையின் கேள்விக்கு நின்று மறுமொழி கூறுங்கள். யந்திரத்தைத் தொட்டுப் பார்க்கவும், கையில் எண்ணெய் படியவும் இடந்தாருங்கள். சாவியை மட்டும் அவனுக்கு உரிய வயது வரும் வரை உங்களிடமே வைத்துக் கொள்ளுங்கள்.