பழைய காருக்கு பிக்கப் இல்லையா? முதல்ல இந்தச் சின்ன ஹோஸைப் பாருங்க!

அப்பாவோ தாத்தாவோ ஆசையாக வாங்கிய மாருதி 800 இன்னும் வீட்டு ஷெட்டில் நிற்கிறதா? 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன கார். 2000-ஐ ஒட்டி எம்.பி.எஃப்.ஐ வரும்வரை அதற்கு கார்புரேட்டர்தான். அந்தக் காலத்து வண்டி 'பிக்கப் இல்ல, பெட்ரோல் மட்டும் நல்லா குடிக்குது' என்றால், கார்புரேட்டரைத் திட்டுவதற்கு முன் பானெட்டைத் திறங்க. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு தகர டப்பா இருக்கும். அதிலிருந்து கார்புரேட்டர் பக்கம் போகும் மெல்லிய ஹோஸ் இருக்கிறதா? அதுதான் வேக்கம் அட்வான்ஸ்.

இது என்ன பண்ணும்?

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் மொத்தமும் சட்டென்று எரிந்துவிடாது. சில மில்லி செகண்ட் ஆகும். 3,000 ஆர்.பி.எம்-மில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 18 டிகிரி சுற்றிவிடும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைக்கற்கள் விரிந்து, பொறியை முன்னே தள்ளும்.

ஆனால் வேகம் மட்டும் போதாது, லோடும் முக்கியம். குத்துக்கல்வலசையில் கிளம்பி செங்கோட்டை வழியாகப் புளியரைக்குப் போறீங்கனு வெச்சுக்கங்க. சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத்தான் மிதிப்பீங்க. சிலிண்டருக்குள் கலவை குறைவு, அது மெதுவாக எரியும். பொறி இன்னும் சீக்கிரம் தேவை. அப்போது இன்ஜின் உறிஞ்சும் வேக்கம் அதிகம். அது டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரத்தை இழுத்து, பொறியைக் கூடுதலாக 10 முதல் 20 டிகிரி வரை முன்னே தள்ளும்.

புளியரை தாண்டி 'எஸ்' வளைவில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிப்பீங்க. வேக்கம் விழுந்துவிடும், கூடுதல் அட்வான்ஸும் தானாகவே விலகிவிடும். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும் செய்யும் வேலை இது!

ஹோஸ் ஏன் காணாமல் போகுது?

டைமிங் செட் பண்ணும்போது இந்த ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்து வைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் திரும்ப மாட்ட மறந்துவிட்டால், வண்டி ஓடும். ஆனால் மந்தமாக ஓடும். அதைச் சரிக்கட்ட சிலர் டிஸ்ட்ரிபியூட்டரையே திருப்பி டைமிங்கை முன்னே வைத்துவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். தென்காசி ரோட்டில் ஜம்முனு போகும் வண்டி, மலை ஏறும்போது 'கிணிகிணி'னு நாக்கிங் சத்தம் போடும். அது தொடர்ந்தால் பிஸ்டனுக்கே சேதம். ஒரு துண்டு ரப்பர் ஹோஸை மிச்சம் பிடித்து இன்ஜின் வேலைக்குச் செலவழித்த கதையாகிவிடும்!

நீங்களே செக் பண்ணலாம்

* இன்ஜினை ஆஃப் பண்ணி, ஆறவிடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்க. டப்பாவில் சுத்தமான ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டி வாயால் உறிஞ்சுங்க. உள்ளே இருக்கும் தட்டு லேசாகத் திரும்ப வேண்டும். ஹோஸ் முனையை நாக்கால் அடைத்தால், தட்டு அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, டப்பாவை மாற்றணும்.

* அடுத்து, கார்புரேட்டர் பக்கம் எந்த முனை? பெரும்பாலான வண்டிகளில், த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருக்கும் துளைதான். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது அதில் விரலை வையுங்க, இழுப்பு இருக்காது. லேசாக ரேஸ் பண்ணினால் இழுக்கும். ஐடிலிங்கிலேயே இழுத்தால் அது மேனிஃபோல்ட் முனை. உங்கள் மாடலுக்கு எது என்பதை மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்க. தப்பான முனையில் மாட்டினால் ஐடிலிங் ஏறும். அதைக் குறைக்க ஸ்க்ரூவைத் திருகினால் எல்லா செட்டிங்கும் குழம்பும்.

* ஹோஸ் காய்ந்து வெடித்திருந்தால் டேப் சுற்றாதீங்க. பெட்ரோல் படும் இடத்துக்கான ஹோஸை, அதே அளவில் வாங்கி மாட்டுங்க.

* ஏற்கெனவே யாராவது டைமிங்கை முன்னே வைத்திருக்கலாம். அதனால், ஹோஸை மாட்டும் முன் டைமிங் லைட் வைத்து, கம்பெனி சொன்ன டிகிரிக்குக் கொண்டுவரச் சொல்லுங்க.

இன்ஜின் ஓடும்போது துப்பட்டா, துண்டு, தலைமுடி எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

சீசனுக்குக் குற்றாலம் கிளம்பும் முன் இந்தச் செக்கப்பை முடிச்சுடுங்க. மலை ஏறும்போது சாரல் சத்தம் மட்டும் கேட்கட்டும்!