பட்டாணிச் சூப்புக்குள் ஒரு ராஜாவின் சாவு, தெரியுமா?

டிசம்பர் மாதம், காலை ஏழு மணி, வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் முக்கி முனகி ஏறி வந்த பஸ்ஸின் முகப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படிக் கண்ணை மறைக்கும் மூட்டத்துக்கு லண்டன்காரர்கள் வைத்த பெயர் தெரியுமா? 'பட்டாணிச் சூப்'! நிலக்கரிப் புகை கலந்து, மஞ்சளாக, அத்தனை கெட்டியாக இருக்குமாம். 1952 டிசம்பரில் ஐந்து நாள் கவிந்த மூட்டம் ஆயிரக்கணக்கானோரைப் பலி வாங்கியது. நம் வால்பாறை மூட்டம் வெறும் மேகம்தான். பயப்படாமல், நிஜப் பட்டாணிச் சூப் வைக்க அடுப்பங்கரைக்கு வாருங்கள்.

பட்டாணிப் பருப்பை எந்தக் கத்தி அத்தனை நேர்த்தியாக இரண்டாக வெட்டுகிறது? எந்தக் கத்தியும் இல்லை! காய்ந்த பட்டாணிக்குள் இரண்டு விதையிலைகள் ஒட்டியபடி இருக்கின்றன. தோலை நீக்கி லேசாக உரசினால் போதும், தானாகப் பிரிந்துவிடும். கடலைப் பருப்பு விலை ஏறும்போது டீக்கடை வடைக்குள் சத்தமில்லாமல் நுழைகிறதே, அதே பருப்பு. கடல் கடந்து கனடாவிலிருந்தும் நம் மளிகைக் கடைக்கு வருகிறது!

இந்தச் சூப்பால் ஒரு ராஜாவே செத்தார் என்றால் நம்புவீர்களா? சிறையில் கிடந்த ஸ்வீடன் மன்னர் பதினான்காம் எரிக், 1577இல் விஷம் கலந்த பட்டாணிச் சூப்பைக் குடித்து இறந்ததாக வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். கதைதானே என்று விட்டுவிடாமல் 1958இல் கல்லறையைத் திறந்து பார்த்தார்கள். உடல் எச்சங்களில் ஆர்சனிக்! ஆனாலும் ஸ்வீடன்காரர்கள் அசரவில்லை. வியாழக்கிழமை என்றால் இன்றும் அங்கே பட்டாணிச் சூப்தான். நெதர்லாந்தில் சூப்பில் கரண்டியை நட்டால் சாயாமல் நிற்க வேண்டும். ஜெர்மனியில் 1867இலேயே பட்டாணி மாவையும் கொழுப்பையும் தொத்திறைச்சி வடிவத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஒரு துண்டு வெட்டிக் கொதிநீரில் போட்டால் சூப் தயார். 1870இல் பிரான்ஸுடன் நடந்த போரில் பிரஷ்யச் சிப்பாய்களின் பசியை ஆற்றியது இதுதான்.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? நம் மிளகுத்தண்ணிதான் ஆங்கிலேயர் வாயில் 'முல்லிகடானி' சூப் ஆனது. சென்னை மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது! கொங்கு அப்பத்தாக்களோ ஒரே சட்டியில் இரண்டு பதார்த்தத்துக்கு வழி செய்தார்கள்: கொள்ளை வேகவைத்து, இறுத்த தண்ணீரில் ரசம், மிச்சக் கொள்ளைக் கடைந்து சோற்றுக்குப் பருப்பு. தென்னிந்தியப் புதிய கற்கால அகழாய்வுகளில் கொள்ளு கிடைத்திருக்கிறது என்றால், நம் கொள்ளுப் பழக்கத்துக்கு வயது என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பட்டாணிச் சூப் நம் கொள்ளு ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

இன்னொரு ஆச்சரியம். சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் வால்பாறையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, சுமார் 96லேயே கொதித்துவிடும்! அதனால்தான் மலையில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அடம்பிடிக்கிறது. குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் சூடு 120 டிகிரி வரை போகும். 1679இல் குக்கரின் மூதாதையைச் செய்த டெனி பாப்பேன் எலும்பையே குழைய வைத்துக் காட்டினார். பட்டாணி எம்மாத்திரம்?

சரி, சூப் வைப்போமா? ஒரு டம்ளர் பட்டாணிப் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, ஐந்து டம்ளர் தண்ணீர், ஒரு கை சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கேரட், மஞ்சள் சேருங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய் கட்டாயம். பட்டாணி நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும் குணமுள்ளது. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பவே கூடாது. ஐந்தாறு விசில். ஆவி அடங்கியதும் மத்தால் கடைந்து, நெய்யில் சீரகமும் இடித்த மிளகும் தாளித்துக் கொட்டி, உப்புப் போடுங்கள். எலுமிச்சையை இறக்கிய பிறகே பிழியுங்கள். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு வேகாமல் விறைத்துக்கொள்ளும்.

மிச்சம் வைத்தால் மறுநாள் காலையில் களி மாதிரி இறுகியிருக்கும். பதறாதீர்கள், வெந்நீர் விட்டுக் கரைத்துச் சூடு பண்ணுங்கள். கரைக்கச் சோம்பலாக இருந்தால் அப்படியே இட்லிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்!