செல்போன் சந்தை: பார்ப்பவர் எல்லாம் வாங்குபவர் அல்ல

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது பழமொழி. கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வயலில் அல்ல, விற்கிற இடத்தில்தான். நல்ல விதை, அளவான உரம், காலத்தில் களையெடுப்பு என்று எல்லாம் செய்து விளைவித்த சரக்குக்கு மண்டியில் வேறொருவர் விலை சொல்கிறார். இந்நிலையில் 'செல்போனில் படம் போட்டால் சரக்கு விற்றுவிடும்' என்ற பேச்சு இப்போது எல்லாக் கிராமங்களிலும் கேட்கிறது. வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை? சிறு விவசாயிக்கு இதில் லாபம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு? இதைச் சற்று விவரமாகப் பார்ப்போம்.

வாசலிலேயே மார்க்கெட்

சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரத்தையே எடுத்துக் கொள்வோம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை பிரிகிற இடம் இது. திருக்கச்சூர், ஆப்பூர் போன்ற ஊர்கள் பக்கத்தில் உள்ளன. ஒரு பக்கம் மறைமலை நகர், இன்னொரு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் பயிரிட்ட நிலங்களை ஒட்டியே அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்கின்றன.

அந்த வீடுகளில் இருப்பவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். தினமும் காய்கறி வாங்குகிறவர்கள். நிலம் சுருங்கிவிட்டதே என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் வாங்குகிற ஆள் நம் வயலிலிருந்து நான்கு மைல் தூரத்துக்குள் வந்து குடியேறியிருக்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்குமாடியிலும் குடியிருப்போர் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருப்பது இன்று சகஜம். தண்ணீர் லாரி முதல் தையல்காரர் வரை எல்லா விசாரணையும் அதில்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் தண்டோரா போட்டதைப் போன்றது அது. நமக்கு உண்மையான மார்க்கெட் அதுவே.

தர்பூசணி தந்த பாடம்

தண்டோரா நல்ல சேதியையும் சொல்லும், கெட்ட சேதியையும் சொல்லும். 2025ஆம் ஆண்டு கோடையில் நம் செங்கல்பட்டு மாவட்ட விவசாயிகள் இதை அனுபவித்தே தெரிந்து கொண்டார்கள். மதுராந்தகம், செய்யூர் பக்கம் தர்பூசணி அறுவடைக்கு வந்த சமயம். பழத்துக்குள் ஊசி மூலம் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற சேதி வீடியோவாகச் செல்போனில் பரவியது. ஜனங்கள் வாங்கப் பயந்தார்கள். விற்பனை படுத்துவிட்டது. வியாபாரிகள் வயலுக்கு வரவில்லை. பயப்படத் தேவையில்லை என்று அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் பிறகு விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் பழம் அதுவரை காத்திருக்குமா?

தர்பூசணிச் சதையின் சிவப்பு, லைக்கோபீன் என்னும் இயற்கையான நிறப்பொருளால் வருவது. தக்காளிக்குச் சிவப்பு தருவதும் அதுவே. ஊசி குத்திய பழம் துளை பட்ட இடத்திலிருந்து சீக்கிரம் அழுகும். குத்திய சாயம் சதை முழுவதும் ஒரே சீராகப் பரவவும் செய்யாது. இதெல்லாம் விளைவிக்கிறவனுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்பார்கள். வதந்தியை நாம் நிறுத்த முடியாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் பழத்தைச் சாப்பிடுகிற குடும்பம் நம் முகத்தையும் வயலையும் அறிந்திருந்தால், அந்த வீடியோவைப் பார்த்ததும் நமக்கே போன் செய்து, 'என்னங்க, இது உண்மையா?' என்று கேட்டிருக்கும். நாமும் வெட்டிக் காட்டியிருப்போம். பெயர் தெரியாத பழத்துக்காகப் பேச யாரும் இல்லாமல் போனதுதான் அன்று நடந்தது. ஆகவே, செல்போனை முதலில் உபயோகிக்க வேண்டியது சரக்கை விற்க அல்ல, நம்மை அறிமுகம் செய்து கொள்ளத்தான்.

ஒரு லட்சம் பேர் பார்த்தால் என்ன?

இன்ஸ்டாகிராம், யூடியூப், பேஸ்புக் ஆகியவற்றில் ஒரு படம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரே முடிவு செய்கிறது. யார் அதிக நேரம் பார்ப்பார்கள் என்பதுதான் அதன் கணக்கு. யார் பக்கத்தில் இருந்து வாங்குவார்கள் என்பது அதற்கு முக்கியம் அல்ல. கீரைப் பாத்தி வீடியோவை மதுரையிலும் மலேசியாவிலும் ஒரு லட்சம் பேர் பார்க்கலாம். அவர்களால் ஆப்பூரில் ஒரு கட்டுக் கீரை கூட விற்காது. அந்தக் கட்டு மாலைக்குள் வாடிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் பல லட்சம் ரசிகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள், ஒரே நாளில் அத்தனை பேரையும் இழந்தார்கள். அது குத்தகை நிலம் போன்றது. நாம் எவ்வளவு எரு போட்டாலும் பட்டா நம்முடையது ஆகாது. வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு எண், போன் நம்பர் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனியாக எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அதுதான் நமது பட்டா.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கால் ஏக்கர் வெண்டை என்று வைத்துக் கொள்வோம். கணக்குக்காக, ஒரு பறிப்பில் 40 கிலோ, மண்டி விலை கிலோ 20 ரூபாய். மொத்தம் 800 ரூபாய். கமிஷன் 80, வண்டிச் சத்தமும் சாக்கும் 100 போக, கையில் 620 ரூபாய்.

இதில் 20 கிலோவை ஒரே குடியிருப்பில் 20 வீடுகளுக்குக் கிலோ 35 ரூபாய் வீதம் கொடுத்தால் 700 ரூபாய். மீதி 20 கிலோ மண்டிக்குப் போய், செலவு நீக்கி 300 ரூபாய். ஆக 1000 ரூபாய். பெட்ரோல் 80, பை 20, கெட்டதற்குத் திருப்பிக் கொடுப்பது 35, நம் இரண்டு மணி நேர உழைப்புக்குக் கூலி 150. ஆக 285 போக மிஞ்சுவது 715. மண்டியை விட 95 ரூபாய்தான் அதிகம்.

அதே குடியிருப்பில் 30 வீடுகள் சேர்ந்து, மீதி 10 கிலோவை உள்ளூர்க் கடையில் 20 ரூபாய்க்கே கொடுத்தால் வரவு 1250. பெட்ரோல் அதே 80, பை 30, கழிவு 35, கூலி 200. மிச்சம் 905 ரூபாய். மண்டியை விட 285 ரூபாய் அதிகம்.

இதிலிருந்து தெரிவது என்ன? விலை உயர்வால் மட்டும் லாபம் வராது. ஒரே இடத்தில் பல வீடுகள் கிடைத்தால்தான் லாபம். ஐந்து இடங்களில் நான்கு நான்கு வீடாகச் சிதறியிருந்தால், மிஞ்சுவதைப் பெட்ரோல் குடித்துவிடும். எனவே முதலில் ஒரு குடியிருப்பைப் பிடியுங்கள். ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில் போங்கள். மண்டியை அடியோடு விட்டுவிடாதீர்கள். மிஞ்சிய சரக்குக்கு அதுவே வடிகால்.

செய்ய வேண்டியவை

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 முதல் இருக்கிறது. கட்டணம் இல்லை. அதில் நம் பெயர், ஊர், சரக்கின் படம், விலை ஆகியவற்றைப் பதிந்து வைக்கலாம். ஒரே சேதியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வசதியும் உண்டு. ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகையால் முதல் நாளே நம்பரைப் பதியச் சொல்லுங்கள். குடியிருப்பின் சங்கச் செயலாளரிடம் அனுமதி பெற்ற பிறகே அவர்கள் குழுவில் சேதி போட வேண்டும்.

சேதி சுருக்கமாக இருக்கட்டும். என்ன சரக்கு, எப்போது பறித்தது, கிலோ என்ன விலை, எத்தனை கிலோ இருக்கிறது, எத்தனை மணிக்கு வருவோம் என்ற ஐந்து விவரங்கள் போதும். முந்தின நாள் மாலைக்குள் ஆர்டர் வாங்கி, அதற்கேற்பப் பறியுங்கள். படத்தை வயலில், காலை வெளிச்சத்தில் எடுங்கள். சொத்தை இருந்தால் அதையும் சொல்லி விலையைக் குறையுங்கள். ஒரு முறை ஏமாந்த வீட்டுக்காரர் அந்தக் குழுவில் எழுதும் ஒரு வரி, நாம் போட்ட நூறு படங்களையும் அழித்துவிடும்.

சான்று பெறாமல் 'ஆர்கானிக்' என்று பையில் அச்சிட வேண்டாம். என்ன எரு இட்டோம், மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை உள்ளபடி சொன்னால் போதும். தராசு முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். வயலில் விளைந்த காயை அப்படியே விற்பது வேறு. செக்கில் ஆட்டிய எண்ணெய், மாவு, ஊறுகாய் என்று பக்குவம் செய்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, அந்த எண்ணைப் பொட்டலத்தில் போட வேண்டும்.

பணம் ஜாக்கிரதை

2016ல் வந்த யு.பி.ஐ. முறையால் சில்லறைத் தொல்லை தீர்ந்தது. அதோடு புதுத் திருட்டும் வந்தது. 'மொத்தமாக வாங்குகிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று முகம் தெரியாத ஒருவர் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுக்க மட்டுமே அது தேவை. 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று காட்டும் படத்தை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். நம் வங்கிக் கணக்கில் வரவு ஏறியதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதம் செய்யாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும்.

நாமும் வாங்குகிறவர்கள்தான்

விளம்பரம் நம்மையும் தேடி வருகிறது. விவசாய வீடியோ இரண்டு பார்த்தால், அடுத்து வருவது 'ஒரே டானிக்கில் இரு மடங்கு மகசூல்' என்ற விளம்பரம். சட்டை அளவு தப்பினால் மாற்றிக் கொள்ளலாம். விதை தப்பினால் பட்டமே போய்விடும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அட்டையும் ரசீதும் இல்லாத விதையை, படத்தில் காய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாங்காதீர்கள். பூச்சிமருந்து விற்க உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடம் மட்டுமே வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டலாம்.

கூடினால் பலம்

செல்போனுக்கு இன்னொரு பயனும் உண்டு. மகாராஷ்டிர மாநிலம் சாங்லியில் 2012ல் மஞ்சள் விலை வீழ்ந்தபோது, விவசாயிகள் பேஸ்புக் மூலம் ஒருவருக்கொருவர் சொல்லி, ஏலத்துக்குச் சரக்கைக் கொண்டு போகாமல் நிறுத்தினார்கள். விலை ஏறியது. மஞ்சள் இருப்பில் தாங்கும், அதனால் அது முடிந்தது. கீரையும் தர்பூசணியும் தாங்காது. ஆனாலும் பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவர் வெண்டை, ஒருவர் கத்திரி, ஒருவர் கீரை என்று பிரித்துப் பயிரிட்டு, ஒரே வண்டியில் ஒரே குடியிருப்புக்குக் கொண்டு போகலாம். வாங்குகிறவருக்கு எல்லாக் காயும் ஒரே இடத்தில் கிடைக்கும். நமக்கோ வண்டிச் செலவு பத்தில் ஒரு பங்காகக் குறையும். தமிழக அரசின் உழவன் செயலியில் அன்றாட மார்க்கெட் விலையைப் பார்த்துக் கொண்டு விலை சொன்னால், அதிகம் சொல்லி வாடிக்கையை இழக்கவும் வேண்டாம், குறைத்துச் சொல்லி நஷ்டப்படவும் வேண்டாம்.

லட்சம் பேர் கொடுக்கும் லைக்கைக் கொண்டு உரக்கடைப் பாக்கியைக் கட்ட முடியாது. நம் பெயர் சொல்லிக் காய் கேட்கும் முப்பது வீடுகள் அதைக் கட்டிவிடும். வருகிற பட்டத்தில் ஒரு பறிப்பில் பாதியை மட்டும், ஒரே ஒரு குடியிருப்பில் கொடுத்துப் பாருங்கள். வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதக் கணக்கு லாபம் காட்டினால் வீடுகளைக் கூட்டுங்கள். காட்டாவிட்டால், செலவு எங்கே அதிகம் என்பதையாவது அந்த நோட்டு சொல்லிவிடும்.