புளியங்கொட்டையும் வாய்ப்புக் கணக்கும்

சென்ற கோடை விடுமுறையில் தாயம் ஆடிக்கொண்டிருந்த என் பேத்தி, "எனக்கு ராசியே இல்லை தாத்தா, ஐந்து தடவை போட்டும் தாயம் விழவில்லை" என்று கொட்டைகளை வீசிவிட்டாள். அவள் ராசி என்றதைக் கணக்குப் புத்தகம் நிகழ்தகவு என்கிறது.

என்.சி.இ.ஆர்.டி. 2006-இல் வெளியிட்ட ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில், மாணவர்கள் குழுவாக நாணயம் சுண்டிப் பட்டியலிடும் செயல்முறை இருந்தது. 2022-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது அந்த அத்தியாயம் நீக்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் வெறும் சூத்திரமாகப் படிக்கும் முன், நம் பிள்ளைகள் கையால் செய்து பார்ப்பது நல்லது. வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் நாணயம். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கு 20 தடவை சுண்டட்டும். தலை விழுந்தால் ஒரு கோடு. ஒருவருக்கு 7 வரும், இன்னொருவருக்கு 13 வரும். யாரும் ஏமாற்றவில்லை. ஐவர் கணக்கையும் கூட்டினால் 100-க்குப் பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையில் நிற்கும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த ஜான் கெரிச், 10,000 தடவை சுண்டி 5,067 தலை கண்டார். கார்ல் பியர்சனுக்கு 24,000-இல் 12,012.

அடுத்து, ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகள். இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 விதம். வெள்ளையே இல்லாதது 1, ஒரு வெள்ளை 4, இரண்டு 6, மூன்று 4, நான்கும் வெள்ளை 1. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு வெள்ளைதான் தாயம். அதாவது நாலில் ஒரு பங்கு. ஐந்து தடவை தொடர்ந்து தாயம் விழாமல் போவதும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்புள்ளதே. பேத்தியின் ராசியில் குறை ஒன்றுமில்லை!

ஆனால் கொட்டை நாணயம் அல்ல. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. ஆகவே ஒரே கொட்டையை 100 தடவை போட்டு, எத்தனை வெள்ளை என்று முதலில் எண்ண வேண்டும். இரயில்வேயில் நாங்களும் அப்படித்தான். ஒரே கலவையில் வார்த்த மூன்று கான்கிரீட் கட்டிகளை 28-ஆம் நாள் நசுக்கிப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு எண் காட்டும். ஒன்றை மட்டும் நம்பிப் பாலத்துக்கு ஒப்புதல் தர மாட்டோம்.

இது வெறும் விளையாட்டல்ல. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியது. அந்த ஆட்டங்களில் குடும்பங்கள் சீரழிவதற்கு ஒரு காரணம், "இத்தனை தடவை தோற்றாயிற்று, அடுத்தது நமக்குத்தான்" என்ற நினைப்பு. முன்பு விழுந்தது நாணயத்துக்கு நினைவிருக்காது. ஐந்து தலைக்குப் பிறகும் ஆறாவது தலையாக விழப் பாதி வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் இதைத் தாமே சுண்டிப் பார்த்து அறியட்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டுப் பட்டியலைக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம்.